வேலையும் உரிமையும் – 7: எழுதி வைத்ததைக் காட்டுங்கள்

சென்னையில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய 200 அடி சாலையில், விடியும் முன்பே ஐ.டி. கம்பெனி கேப்கள் ஓடத் தொடங்கிவிடுகின்றன. கேப்பில் ஜி.பி.எஸ்., ஆபீஸ் வாசலில் விரல்ரேகை அல்லது முகம், உள்ளே கேமரா. கம்பெனி கொடுத்த லேப்டாப்பில், கீபோர்டும் மவுஸும் எத்தனை நிமிடம் அசையாமல் கிடந்தன என்று கணக்கெடுக்கும் மென்பொருள். 2020 ஊரடங்கில் அந்த லேப்டாப் பள்ளிக்கரணை, மேடவாக்கம் வீடுகளின் படுக்கையறைக்குள்ளும் வந்தது. பலர் வீட்டில் அது இன்னும் அங்கேதான் இருக்கிறது.

இவை எல்லாமே தவறு என்று சொல்ல மாட்டேன். இரவு ஷிஃப்ட் முடிந்து வரும் பெண்ணின் கேப் எங்கே நிற்கிறது என்று ஒருவர் பார்த்துக்கொண்டுதான் இருக்க வேண்டும். வாடிக்கையாளரின் வங்கி விவரங்களைக் கையாளும் இடத்தில் செல்போனை வெளியே வைக்கச் சொல்வதும் நியாயம்தான். நான் கேட்பது வேறு. எடுத்ததை எங்கே வைத்திருக்கிறார்கள், யாரெல்லாம் பார்க்கிறார்கள், யாரைப் பற்றியதோ அவர் அதைப் பார்க்க முடியுமா?

இந்தக் கேள்வி ஏன் முக்கியம் என்பதற்கு ஜெர்மனியின் நூரெம்பர்க் நகரில் நடந்ததைச் சொல்ல வேண்டும். அங்கே எச் அண்ட் எம் ஆடை நிறுவனத்தின் சேவை மையம் இயங்கியது. லீவு முடிந்தோ, உடம்பு சரியாகியோ திரும்பும் ஊழியரை மேற்பார்வையாளர் அழைத்து அன்பாக விசாரிப்பார். என்ன நோய், என்ன அறிகுறி, வீட்டில் என்ன பிரச்சினை என்று பேச்சு போகும். ஊழியர் எழுந்து போனதும் அது குறிப்பாக ஏறிவிடும். சிலரது மத நம்பிக்கைகூடப் பதிவானது. இப்படிச் சேர்ந்ததில் ஒரு பகுதியை 50 மேலாளர்கள் வரை படிக்க முடிந்தது. வேலையில் ஒருவரை எப்படி மதிப்பிடுவது என்று முடிவெடுக்கவும் அது பயன்பட்டது. ஊழியர்களுக்கு இது எப்படித் தெரியவந்தது? 2019 அக்டோபரில் ஒரு தொழில்நுட்பக் கோளாறால் அந்தக் கோப்புகள் சில மணி நேரம் கம்பெனி முழுவதற்கும் திறந்து கிடந்தன. அந்தக் கோளாறு நடந்திருக்காவிட்டால் இன்றும் எழுதிக்கொண்டிருப்பார்கள். மறு ஆண்டு ஹாம்பர்க் தரவுப் பாதுகாப்பு ஆணையம் 3.5 கோடி யூரோவுக்கு மேல் அபராதம் விதித்தது.

இனி நம் சட்டத்துக்கு வருவோம். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று தீர்ப்பளித்தது. அதைத் தொடர்ந்து வந்தது 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். தரவு எடுக்க ஒப்புதல் வேண்டும் என்பது அதன் பொது விதி. ஆனால் 7ஆவது பிரிவு, ஒப்புதலே தேவையில்லாத காரணங்களை அடுக்கும்போது, வேலை சார்ந்த நோக்கங்களையும் முதலாளியை இழப்பிலிருந்து காப்பதையும் சேர்த்துவிடுகிறது.

ஒப்புதல் கேட்காமல் எடுப்பதைக்கூட ஒரு அளவுக்கு ஏற்கலாம். வேலை வேண்டுமென்று நிற்பவர் எதற்கும் கையெழுத்துப் போடத்தான் போகிறார். என்னைக் கலங்கவைப்பது அடுத்தது. என்னென்ன எடுக்கிறோம் என்று முன்கூட்டியே அறிவிக்கும் கடமை, வைத்திருப்பதைக் கேட்டுப் பார்க்கும் உரிமை, தவறைத் திருத்தும் உரிமை மூன்றும் அந்தச் சட்டத்தில் ஒப்புதலோடு கட்டப்பட்டிருக்கின்றன. ஒப்புதல் கேட்கப்படாத ஊழியருக்கு அந்த மூன்றும் கிடையாது. தரவைப் பத்திரமாக வைக்கச் சொல்லவும், மீறினால் புகார் செய்யவும் மட்டும் வழி மிஞ்சுகிறது. என்ன வைத்திருக்கிறார்கள் என்றே தெரியாதவர் எதை வைத்துப் புகார் எழுதுவார்?

இன்னொன்றையும் பலர் கவனிக்கவில்லை. புதிய சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில்தான் வெளியாகின. முக்கியப் பிரிவுகள் அதிலிருந்து 18 மாதம் கழித்து, 2027 மே மாதம் நடைமுறைக்கு வரும். அதுவரை தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் கீழான 2011ஆம் ஆண்டு விதிகள் உயிரோடு இருக்கின்றன. அவை தனியார் நிறுவனங்களைத்தான் கட்டுப்படுத்தும். லேப்டாப்பில் எடுக்கும் ஸ்கிரீன்ஷாட்டையும், கீபோர்டு அசையாத நேரத்தின் கணக்கையும் அவை நேராகத் தொடாது. ஆனால் விரல்ரேகை, முகப் பதிவு, மருத்துவ ஆவணம் ஆகியவற்றை எடுக்க எழுத்து மூலம் ஒப்புதல் வேண்டும் என்கின்றன. கொடுத்த தகவலைக் கேட்டுப் பார்த்துத் திருத்தவும் உரிமை தருகின்றன. புதிய சட்டம் முழுதாக வரும் நாளில் இவை போய்விடும். பழைய சட்டம் ஊழியருக்குத் தந்ததைப் புதிய சட்டம் பறிக்கிறது என்பதை நாடாளுமன்றத்தில் யாராவது எழுப்பியாக வேண்டும்.

ஜெர்மனியில் ஊழியர்களைக் கண்காணிக்கக்கூடிய எந்தக் கருவியைக் கொண்டுவருவதென்றாலும், ஊழியர் குழு இருக்கும் நிறுவனம் அந்தக் குழுவின் சம்மதத்தைப் பெற வேண்டும். தனி ஆள் கையெழுத்துக்கு இல்லாத பலம் கூட்டுக் கையெழுத்துக்கு உண்டு. லண்டனில் பார்க்லேஸ் வங்கி, புனேயில் பிறந்த சேப்பியன்ஸ் நிறுவனத்தின் மென்பொருளைக் கொண்டு ஒவ்வொருவரின் நேரத்தையும் அளந்து பார்த்தது. செய்தி வெளியாகி எதிர்ப்பு கிளம்பியதும், 2020 பிப்ரவரியில் தனி ஆள் கணக்கைக் கைவிட்டது. ஐ.டி. ஊழியர்கள் சங்கம் அமைக்கச் சட்டத்தில் தடையில்லை என்று தமிழ்நாடு அரசு 2016லேயே தெளிவுபடுத்திவிட்டது. ஆனால் சென்னையின் ஓ.எம்.ஆர். சாலை ஐ.டி. நிறுவனங்களில் சங்கத்தின் வாசலுக்குள் நுழைந்தவர்கள் இன்னும் குறைவு.

2027 மே வரை உங்கள் கையில் இருப்பதைப் பயன்படுத்துங்கள். 2011 விதிகளின்படி ஒவ்வொரு நிறுவனமும் குறைதீர்க்கும் அலுவலர் ஒருவரை நியமித்து, அவர் பெயரைத் தன் இணையதளத்தில் போட வேண்டும். அவருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள். என் விரல்ரேகை எங்கே, யாரிடம் இருக்கிறது, நான் வேலையை விட்டால் எப்போது அழிப்பீர்கள், நான் கொடுத்த மருத்துவச் சான்றிதழை யார் படித்தார்கள் என்று கேளுங்கள். லேப்டாப்பில் என்ன பதிவாகிறது என்பதையும் சேர்த்தே கேளுங்கள். பதில் வராவிட்டாலும், கேட்டதற்கு ஒரு சாட்சி இருக்கும். குறையை அவர் ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பது விதி. தனியாக அனுப்பத் தயக்கமாக இருந்தால், ஒரே டீமில் பத்துப் பேர் சேர்ந்து அனுப்புங்கள்.

(தொடரும்)