வீட்டிலேயே கரி தயாரிக்கலாம். மூடிய அறைக்குள் மட்டும் மூட்டாதீங்க!

தோட்டத்துல கழிச்சுப் போட்ட கிளைகள் குவிஞ்சு கிடக்கா? கொளுத்திச் சாம்பலாக்க வேண்டாம். கரியாக மாற்றினால் அடுப்புக்கும் ஆகும், மண்ணுக்கும் ஆகும்.

கரி எப்படி உருவாகிறது?

விறகு தாராளமான காற்றில் எரிந்தால் சாம்பல்தான் மிஞ்சும். காற்றைக் குறைத்துச் சுட்டால், ஈரமும் புகையும் வெளியேறிக் கரி மிஞ்சும். ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் சீமைக் கருவேல விறகை அடுக்கி, இலைதழையும் மண்ணும் போட்டு மூடி, 'மூட்டம்' போடுவது இந்த முறையில்தான்.

டிரம்மில் செய்வது எப்படி?

* 200 லிட்டர் இரும்பு டிரம் போதும். ரசாயனம், பூச்சிமருந்து இருந்த டிரம் வேண்டாம்.
* அடியில் சில துளைகள் போட்டு, திறந்தவெளியில் செங்கல் மேல் நிறுத்துங்கள்.
* நன்கு காய்ந்த விறகை நிரப்பிப் பற்றவையுங்கள். தீ பிடித்ததும், சிறிது இடைவெளி விட்டு மூடுங்கள்.
* முதலில் வெள்ளைப் புகை அடர்த்தியாக வரும். அது மெலிந்து நீலமானதும், துளைகளையும் மூடியையும் ஈரமண்ணால் அடைத்துவிடுங்கள்.
* ஒரு நாள் முழுக்க ஆறட்டும். அவசரப்பட்டுத் திறந்தால், காற்று பட்டு மறுபடி தீப்பிடிக்கும்.

கண்மாய், புறம்போக்கு நிலத்து மரங்களை அனுமதியின்றி வெட்டக் கூடாது.

எதற்கெல்லாம் பயன்படும்?

அடுப்புக்கும் இஸ்திரிப் பெட்டிக்கும் போக மிஞ்சும் தூளை வீணாக்காதீங்க. மட்கிய தொழு உரத்தோடு கலந்து சில வாரம் வைத்து, பிறகு செடிகளுக்குப் போடுங்கள். மண்ணில் ஈரம் நிற்க உதவும். குடிநீரைச் சுத்திகரிக்க மட்டும் வீட்டுக் கரியை நம்ப வேண்டாம்.

உயிர் காக்கும் எச்சரிக்கை

"புகையே இல்லையே, அப்புறம் என்ன?" என்று நினைப்பதுதான் ஆபத்து. கனன்றுகொண்டிருக்கும் கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. குளிருக்காகவோ கொசுவுக்காகவோ கரிச்சட்டியை அறைக்குள் வைத்து, கதவைச் சாத்திக்கொண்டு தூங்கினால், தூக்கத்திலேயே உயிர் போகலாம். கொடைக்கானல் போன்ற மலையூர்களில் இப்படி மரணங்கள் நடந்திருக்கின்றன. ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்தாலும் அது பாதுகாப்பு ஆகாது.

தலைவலி, தலைசுற்றல், குமட்டல் வந்தால் உடனே எல்லோரும் வெளியே வந்துவிடுங்கள். மயங்கியவரையும் திறந்தவெளிக்குக் கொண்டுவந்து, 108-ஐ அழையுங்கள். "கரி எரிந்த அறையில் இருந்தார்" என்பதை மறக்காமல் சொல்லுங்கள். சிகிச்சைக்கு அந்தத் தகவல் முக்கியம்.

சமையல் முடிந்ததா? கரியை வாசலிலேயே தண்ணீர் ஊற்றி முழுசா அணைச்சுட்டு, அப்புறம் தூங்கப் போங்க.