ஜார்ஜ் டவுனில் ஒரு நாள்

சென்னை என்றதும் மெரினாக் கடற்கரைதான் பலருக்கும் நினைவுக்கு வரும். நகரின் பழைய முகத்தைக் காண விரும்புவோர் புனித ஜார்ஜ் கோட்டைக்கு வடக்கேயுள்ள ஜார்ஜ் டவுனுக்குச் செல்ல வேண்டும். ஒரே நாளில் நடந்தே பார்த்துவிடலாம்.

காலையில் நாங்கள் ஆர்மீனியன் தெருவுக்குச் சென்றோம். ஆர்மீனிய வணிகரால் வந்த அப்பெயர் தமிழர் நாவில் 'அரண்மனைக்காரன் தெரு' ஆகிவிட்டது! இங்குள்ள புனித மரியன்னை இணைப் பேராலயத்தில் செவ்வாய்தோறும் பல சமயத்தவரும் அந்தோணியாரை வேண்டி நிற்கின்றனர். அதே தெருவில் 1772-இல் கட்டிய ஆர்மீனிய ஆலயம் உள்ளது. அங்குக் குருவாயிருந்த ஷ்மாவோனியன், உலகின் முதல் ஆர்மீனிய மொழி இதழை 1794-இல் சென்னையில்தான் வெளியிட்டார்.

மாலையில் செகண்ட் லைன் பீச் தெருவில் அத்தோக் கடைகளைக் கண்டோம். தடித்த நூடுல்ஸுடன் முட்டைக்கோஸ், பொரித்த வெங்காயம், மிளகாய்த்தூள், புளித்தண்ணீர் சேர்த்துக் கையால் பிசைகிறார்கள். கூடவே சூடான வாழைத்தண்டு சூப்பும் கிடைக்கும். ஆகா, என்ன சுவை!

இது பர்மாவின் உணவு. அங்கு 1962-இல் இராணுவ ஆட்சி வந்தது. 1964-இல் கடைகள் அரசுடைமையாயின. தலைமுறைகளாக அங்கு வாழ்ந்த தமிழர்கள் சொத்தையெல்லாம் இழந்து கப்பலில் திரும்பினர். அவர்கள் பிழைக்க 1969-இல் பர்மா பஜார் அமைந்தது. வேறு சிலர் அங்குப் பழகிய சமையலையே தொழிலாக்கினர்.

வெறுங்கையுடன் வந்தோரின் உழைப்பே இன்று நம் தட்டில் சுவையாக இருக்கிறது. அத்தோவை உண்போர் அவர்களையும் நன்றியுடன் நினைப்போமாக!