மேசைப் போர்விளையாட்டிற் புறக்கணிப்பு

1. முன்னுரை

1880-ஆம் ஆண்டில் அயர்லாந்தின் மேயோ வட்டாரத்திற் சார்லஸ் பாய்காட் என்பார் ஒரு பெருநிலக்கிழாரின் நில மேலாளராக இருந்தார். குத்தகை பற்றி எழுந்த பூசலில் ஊரார் அவரோடு கொள்வினை கொடுப்பினையை அறவே ஒழித்தனர். அவர்தம் வயலில் அறுவடை செய்ய உள்ளூரில் ஆள் கிடைக்கவில்லை; கடைக்காரர் பொருள் தர மறுத்தனர். அவர் பெயரே பின்னர் ஆங்கிலத்தில் ஒரு வினைச்சொல்லாயிற்று. முன்பு பகிஷ்காரம் என்றும் இன்று புறக்கணிப்பு என்றும் நாம் வழங்குவது அதனையே. அன்று புறக்கணிக்கப்பட்டவர் ஒரு மனிதர். இன்று பெரும்பாலும் புறக்கணிக்கப்படுவது ஒரு விலைப்பொருள். இவ்விரண்டனுள் எது வலிமை மிக்கது என்பதை மேசைப் போர்விளையாட்டு என்னும் சிறு துறையைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. விளையாட்டின் இயல்பு

மேசைமீது போர்க்களம் அமைத்து, படைகளைக் குறிக்கும் அட்டைத் துண்டுகளையோ சிற்றுருவங்களையோ விதிநூலின்படி நகர்த்தி, பகடை உருட்டி வெற்றி தோல்வி காண்பது இவ்விளையாட்டு. 1824-இல் பிரஷ்யப் படையதிகாரிகளின் பயிற்சிக்கென ரைஸ்விட்ஸ் விதிநூல் வகுத்தார். 1913-இல் எச். ஜி. வெல்ஸ் பொம்மைப் படைகளைக் கொண்டு ஆடும் முறையை நூலாக எழுதி, அதன் முடிவில் மெய்யான போரின் அறிவின்மையையும் எடுத்துரைத்தார். ஆகவே இவ்விளையாட்டினுள் அரசியல் அண்மையிற்றான் புகுந்தது என்பார் கூற்றுப் பொருந்தாது.

சிற்றுருவங்களைக் கொண்டு ஆடுவோர், அவற்றைத் தாமே ஒட்டி, தாமே வண்ணந்தீட்டுவர். ஒரு படையை நிறைவு செய்யப் பல திங்கள் ஆதலும் உண்டு. இவ்வுழைப்பு நம் ஆராய்ச்சிக்கு இன்றியமையாத செய்தியாகும்.

3. பதிவை மறுத்தல்

கலிபோர்னியாவைச் சார்ந்த ஜி.எம்.டி. கேம்ஸ் என்னும் நிறுவனம், புதிய விளையாட்டொன்றை முதலில் முன்பதிவுப் பட்டியலில் இடும். ஏறத்தாழ 500 பேர் பதிந்த பின்னரே அஃது அச்சுப்பணிக்குச் செல்லும். 2019-இல் ஆப்பிரிக்காவைக் கூறுபோட ஐரோப்பிய வல்லரசுகள் போட்டியிட்டதைப் பொருளாகக் கொண்ட விளையாட்டொன்று இப்பட்டியலில் இடம்பெற்றது. ஒரு கண்டத்து மக்கள் பட்ட துயரத்தை அது எளிமையாகக் கருதிவிட்டது எனப் பலர் கண்டித்தனர். அவ்வாண்டு ஏப்ரலில் நிறுவனம் அதனைப் பட்டியலினின்றும் நீக்கியது. நீக்கியது தவறு என்று சினந்தாரும் உளர். எனினும், முடிவு மாறவில்லை.

4. வாங்க மறுத்தல்

இங்கிலாந்தின் நாட்டிங்காம் நகரில் இயங்கும் கேம்ஸ் ஒர்க்ஷாப் நிறுவனம் 1987-இல் 'வார்ஹாமர் 40,000' என்னும் விளையாட்டை வெளியிட்டது. உயிரும் சாவுமின்றி அரியணையிற் கிடக்கும் ஒரு பேரரசன். அவன் பொருட்டு நாடோறும் பலியிடப்படும் ஆயிரம் உயிர்கள். ஐயத்தையே குற்றமாகக் கருதும் ஆட்சி. இக்கதையுலகம் அங்கதமாக எழுந்ததே. ஆயினும், அங்கதத்தை அங்கதமென உணராது, அப்பேரரசையே பின்பற்றத்தக்க நெறியாகக் கொள்வாரும் தோன்றினர்.

இதன் கதைமரபில் பேரரசனின் மெய்காவலர் படைக்கு உயர்குடி ஆண்மகவுகளே எடுக்கப்பட்டனர் என்பது முன்னைய நூல்களின் கூற்று. 2024 ஏப்ரலில் வெளிவந்த விதிநூலின் சிறுகதையொன்றில் அப்படையைச் சார்ந்த பெண் வீரர் ஒருவர் இடம்பெற்றார். தொடக்கமுதலே பெண்டிரும் அப்படையில் இருந்தனர் என நிறுவனம் விடையிறுத்தது. உடனே எதிர்ப்பு எழுந்தது; இனி இந்நிறுவனத்தின் பொருளை வாங்கோம் என்ற அறைகூவலும் எழுந்தது.

எதிர்த்தோர் அனைவரையும் ஒரே தட்டில் வைத்தல் நேர்மையன்று. பெண் வீரர் என்பதையே பொறாதவர் ஒருசாரார். மாற்றத்தை ஏற்றும், பாடத்தைத் திருத்திவிட்டு அதுவே மூலபாடம் என்று கூறும் முறையை ஏலாதவர் மற்றொரு சாரார். பின்னவர் வினா, இடைச்செருகலை ஆராயும் நமக்கு நன்கு விளங்கக்கூடியது. ஆயினும் அக்கதையுலகம் ஒருவர் உரிமையில் வளர்ந்துகொண்டே செல்வது; அதன் முந்தைய நூல்களும் பலமுறை திருத்தம் பெற்றவையே.

பயன் யாது? 2024 ஜூன் 2-இல் முடிந்த நிதியாண்டில் நிறுவனத்தின் அடிப்படை வருவாய், உரிமத் தொகை நீங்கலாக, 49 கோடியே 47 லட்சம் பவுன். அடுத்த ஆண்டில் 56 கோடியே 50 லட்சம் பவுன். விலகியோரைப் புதியோர் ஈடுசெய்திருக்கலாம் ஆதலின், ஒருவரும் விலகவில்லை என இதனால் துணிதல் கூடாது. புறக்கணிப்பு நிறுவனத்தை வளைக்கவில்லை என்ற அளவே துணியலாம்.

5. எதிரே அமர மறுத்தல்

2021-இல் ஸ்பெயினில் தனியார் நடத்திய போட்டியொன்றுக்கு ஒருவர் நாசிச் சின்னங்கள் பொறித்த உடையுடன் வந்தார். அவரோடு ஆடவேண்டியவர் ஆட மறுத்தார். அமைப்பாளரோ அவரை வெளியேற்றவில்லை. இச்செய்தி பரவியபின், அவ்வாண்டு நவம்பரில் நிறுவனம் ஓர் அறிக்கை வெளியிட்டது. தன் கதையில் வரும் பேரரசு எள்ளற்குரியதே அன்றிப் போற்றற்குரியதன்று எனவும், வெறுப்புச் சின்னங்களுடன் தன் கடைக்கோ விழாவுக்கோ வருவோர் வெளியேற்றப்படுவர் எனவும் அது கூறியது. முன்னர் 2020 ஜூனிலேயே, இவ்விளையாட்டு அனைவர்க்கும் உரியது என்றும், அதனை ஏலாதார் விலகின் வருந்தோம் என்றும் அந்நிறுவனம் அறிவித்திருந்தது. ஆயினும் பொதுக்கூற்றாக இருந்ததனை இன்ன செயலுக்கு இன்ன விளைவு என்னும் விதியாக்கியது, ஒருவர் ஆட மறுத்த நிகழ்ச்சியே.

6. ஒப்பீடு

இம்மூன்றையும் ஒருங்குவைத்து நோக்கின் ஓர் உண்மை புலனாகிறது. பொருள் உருப்பெறுமுன் தரப்படும் வாக்கை மறுத்தல் எளிது. அங்கு இழப்பு ஒன்றுமில்லை. ஆண்டுக்கணக்கில் தீட்டிய படையையும் அதனாற் பெற்ற நண்பர் குழுவையும் துறத்தல் அரிது. வாங்கோம் என்று சினந்தவரும் முன் வாங்கிய படையுடன் மீண்டும் மேசைக்கு வருதல் இயல்பே. ஆனால் எதிரே அமர ஆளில்லையெனின், எத்துணைப் படை இருப்பினும் ஆட்டம் இல்லை. மேயோ மக்கள் கையாண்டது இவ்வலிமையையே.

7. முடிவுரை

எனவே, இத்துறையில் விலையை மறுப்பதினும் தோழமையை மறுப்பதே வலிது என நாம் கருதுகிறோம். இவ்வலிமை இருபுறமும் கூரிய வாள் என்பதனையும் மறத்தலாகாது. நாசிச் சின்னத்தாரை விலக்கிய அதே மறுப்பை, புதிதாக வரும் பெண்ணொருத்தியின்மீது செலுத்தின், அவளும் தன் படையை மூடிவைத்து வெளியேறுவாள். விற்பனைக் கணக்கு அதனைக் காட்டாது. நிறுவனத்தின் அறிக்கை ஒவ்வொரு மேசைவரை சென்று காவல் செய்யாது. யாரோடு ஆடுவது என்பதனை அம்மேசைக்கு இருபுறமும் அமர்வோரே முடிவு செய்கின்றனர். இவ்விளையாட்டின் அரசியல், கதைநூலில் இருப்பதினும் அம்முடிவிலேயே மிகுதியாக உள்ளது.