கவனக்குறைவு என்றொரு சொல்

மருத்துவமனை என்றால் நோயாளியின் உடல்மீது செயல்படும் அதிகாரம் என்றே நாம் எழுதி வந்திருக்கிறோம். ஃபூக்கோவைப் படித்த தோஷம். ஊசி போடுகிற கையைப் பற்றி நான் யோசித்ததில்லை. சாரல் சீசன் ஒன்றில் என் மதினிதான் யோசிக்க வைத்தார்.

அவர் தென்காசியில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ், வீடு குற்றாலத்தில். டியூட்டி முடிந்து பஸ் ஏறியவருக்குத் திடீரென ஒரு சந்தேகம்: கடைசியாக வென்ஃபிளான் போட்ட பெரியவரின் கையில் கட்டிய ரப்பரை அவிழ்த்தோமா? பெரியவர் காய்ச்சலில் நினைவின்றிக் கிடந்தார், வலித்தாலும் சொல்லமாட்டார். முழுக்கைச் சட்டை வேறு. டிரிப் ஓடியிருந்தால் நின்றுபோய்க் காட்டிக் கொடுத்திருக்கும். மருந்து அடுத்த ஷிப்டில்தான் என்பதால் மூடிவைத்துவிட்டு வந்திருக்கிறார். வார்டில் போனை எடுப்பாரில்லை. குற்றாலத்தில் இறங்கி, அருவியில் குளித்துத் திரும்பும் கூட்டத்தோடு நின்றுகொண்டே மறுபடி தென்காசிக்கு.

"அந்த அஞ்சு கிலோமீட்டர்ல அவரு கை கறுத்து, அத எடுத்து, நான் ஜெயிலுக்கும் போயிட்டு வந்துட்டேன் தம்பி."

போய்ப் பார்த்தால் ரப்பர் டிரேயில் கிடந்தது.

இதைப் பயந்த சுபாவம் என்று ஒதுக்கிவிடலாம்தான். ஆனால் தினமும் பலமுறை செய்கிற வேலை தனித்தனி ஞாபகங்களாகத் தங்குவதில்லை. கை பழகிவிட்டால் மனம் விலகிக்கொள்கிறது. திறமை என்று நாம் சொல்வதே பாதி அந்த விலகலைத்தான். ஆகவே செய்ததும் செய்யாமல் விட்டதும் ஞாபகத்தில் ஒன்றுபோலவே இருக்கின்றன. கேஸ் ஷீட்டிலோ செய்திருந்தால் கையெழுத்து, இல்லையென்றால் காலி. சந்தேகத்துக்கு அதில் கட்டம் கிடையாது.

2023 ஜூலையில், சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் சிகிச்சை பெற்றுவந்த ஒன்றரை வயதுக் குழந்தையின் வலது கை எழும்பூரில் அகற்றப்பட்டது. வென்ஃபிளான் போட்ட கை நிறம் மாறியதைச் சொல்லியும் நர்சுகள் கவனிக்கவில்லை என்பது பெற்றோரின் குற்றச்சாட்டு. கிருமித்தொற்றால் வந்த ரத்தநாள அடைப்பே காரணம், கவனக்குறைவு அல்ல என்றது மூன்று டாக்டர்கள் கொண்ட குழு. ஆகஸ்டில் குழந்தை இறந்துபோனது. டாக்டர்கள் சொல்வதை அந்தத் தாய் ஏன் நம்ப வேண்டும் என்பது நியாயமான கேள்வியே. ஆனால் அறிக்கை வருவதற்கு முன்பே 'கவனக்குறைவு' என்ற சொல் நர்சின் தலையில் ஏறி உட்கார்ந்துவிட்டது. ஒரு வார்டில் எத்தனை கட்டில், எத்தனை நர்ஸ் என்கிற கணக்கை ஒருத்தியின் குணமாக மாற்றிவிடுகிற வல்லமை அந்தச் சொல்லுக்கு உண்டு.

சட்டமும் இதையே செய்கிறது. பழைய தண்டனைச் சட்டத்தின் 304-ஏ பிரிவில், அஜாக்கிரதையால் மரணம் விளைவித்தால் யாராக இருந்தாலும் இரண்டாண்டு வரைதான். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவு அதை ஐந்தாண்டாக்கி, மருத்துவம் செய்கையில் தவறும் பதிவுபெற்ற மருத்துவருக்கு மட்டும் இரண்டாண்டோடு நிறுத்திக்கொண்டது. 'பதிவுபெற்ற மருத்துவர்' என்பதற்கு அங்கே தரப்பட்டுள்ள விளக்கத்தில் நர்ஸ் வரமாட்டார். ஒரே கட்டில், ஒரே மரணம். எழுதிக் கொடுத்த கைக்கு ஒன்று, போட்ட கைக்கு ஒன்று.

இதைச் சொன்னபோது மதினி சிரித்தார். "அப்ப என் கைக்கு வெல கூடுதல்னு சொல்லுங்க."

இப்போதெல்லாம் அவிழ்த்த ரப்பரை அவர் டிரேயில் போடுவதில்லை. கோட்டுப் பாக்கெட்டில் போட்டுக்கொள்கிறார், பஸ் ஏறுமுன் தொட்டுப் பார்ப்பதற்கு. தொற்றுத்தடுப்பு விதிப்படி அது தப்பு என்பதும் அவருக்குத் தெரியும்.