உற்சாகத்தில் சிறுநீர் கழிக்கும் நாய்க்குட்டி: தண்டித்தால் சிக்கல் வளரும், தீர்வு என்ன?

புது தில்லி: அலுவலகத்திலிருந்து வீடு திரும்புபவரைக் கண்டதும் வாலை ஆட்டியபடி ஓடிவரும் நாய்க்குட்டி, அவரது காலடியிலேயே சிறுநீர் கழித்துவிடுகிறது. விருந்தினர் வந்தாலும் இதே நிலை. இளம் நாய்களை வளர்க்கும் குடும்பங்கள் பலவற்றுக்கு இது பழகிய காட்சி. 'எவ்வளவு பழக்கியும் திருந்தவில்லை' என்று கருதும் சிலர் குட்டியை அடிக்கின்றனர். சிலர் பால்கனியில் நாள் முழுவதும் சங்கிலியால் கட்டிவைக்கின்றனர். இன்னும் சிலர், நாய் வளர்ப்பதே வேண்டாம் என்று முடிவெடுத்து அதைத் தெருவில் விட்டுவிடவும் துணிகின்றனர்.

உண்மையில் இது நாயின் விருப்பத்துக்கு உட்பட்ட செயலே அல்ல. உற்சாக மிகுதியால் தன்னையறியாமல் சிறுநீர் கசிவது, பெரும்பாலும் ஒரு வயதுக்கு உட்பட்ட நாய்களிடம் காணப்படும் வளர்ச்சிப் பருவ நிலை. சரியாகக் கையாண்டால் பெரும்பாலான நாய்களிடம் இது தானாகவே மறைந்துவிடும். தவறாகக் கையாண்டால், தற்காலிகமான ஒரு நிலை நீண்டகால அச்சமாக மாறக்கூடும்.

ஏன் நிகழ்கிறது?

சிறுநீர்ப்பை நிரம்பும்போது அதன் சுவர் விரிந்து இடம் கொடுக்கிறது. சிறுநீர் வெளியேறும் வழியைச் சுற்றியுள்ள சுருக்குத்தசை இறுகி, பாதையை மூடி வைக்கிறது. வளர்ந்த நாயால் இந்தத் தசையைத் தேவையான நேரம் வரை இறுக்கிப் பிடித்திருக்க இயலும். குட்டிக்குத் தசையின் வலிமையும், அதை இயக்கும் நரம்புக் கட்டுப்பாடும் இன்னும் முழுமை பெற்றிருப்பதில்லை. எனவே, உணர்ச்சி உச்சத்தை எட்டும் கணத்தில் அந்தப் பிடி தளர்ந்துவிடுகிறது.

இத்தகைய குட்டி, சிறுநீர் கழிப்பதற்காக உட்காருவதில்லை. இடத்தை முகர்ந்து பார்ப்பதும் இல்லை. குதிக்கும்போதும், சுற்றிச் சுழலும்போதும், நடக்கும்போதும் சில துளிகளோ சிறிதளவோ சிந்திச் செல்கிறது. மற்ற நேரங்களில் இதே குட்டி கதவருகே சென்று நின்று, வெளியே அழைத்துச் செல்லுமாறு உணர்த்தவும் கூடும். அதாவது, கழிப்பிடப் பழக்கத்தை அது நன்றாகவே கற்றிருக்கலாம். கற்றதைக் கடைப்பிடிக்க அதன் உடல் அந்தக் கணத்தில் ஒத்துழைப்பதில்லை.

நகர வாழ்க்கைச் சூழலும் இதற்குத் துணைசெய்கிறது. பார்வோ, டிஸ்டெம்பர் போன்ற நோய்களுக்கு எதிரான தொடக்கத் தடுப்பூசிகள் முடிவடைய ஏறத்தாழ 16 வாரங்கள் ஆவதால், அதுவரை குட்டிகள் பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே இருக்கின்றன. புதிய மனிதர்களைக் காணும் வாய்ப்பு குறைவு. அடுக்குமாடிக் குடியிருப்பில் பகல் முழுவதும் தனித்திருக்கும் குட்டிக்கு, மாலையில் கதவு திறக்கும் ஓசைதான் அன்றைய நாளின் மிகப்பெரிய நிகழ்ச்சி. அந்த நேரத்தில் அதன் சிறுநீர்ப்பையும் நிரம்பியிருக்கிறது.

உற்சாகமா, பணிவா?

பார்வைக்கு ஒன்றுபோலத் தோன்றினாலும் வேறுபட்ட மற்றொரு நிலையும் உண்டு. மனிதரைக் கண்டு அஞ்சும் நாய், 'நான் உங்களுக்கு அடங்கியவன்' என்று தன் இனத்துக்குரிய உடல்மொழியில் தெரிவிக்கும்போதும் சிறுநீர் கழிக்கிறது. இது பணிவின் வெளிப்பாடு.

இரண்டையும் நாயின் உடல்நிலையைக் கொண்டு பிரித்தறியலாம். உற்சாகத்தில் உள்ள நாயின் உடல் தளர்வாக இருக்கும். வால் அகலமாக வீசி ஆடும். அது நின்றபடியோ துள்ளியபடியோ மனிதரை நெருங்கி வரும். விளையாட்டின் நடுவிலும் கசிவு ஏற்படலாம். பணிந்துபோகும் நாயோ உடலைத் தாழ்த்திக்கொள்ளும். காதுகளைப் பின்னோக்கி மடக்கும். வாலைக் கால்களுக்கிடையே இடுக்கும். கண்ணோடு கண் பார்ப்பதைத் தவிர்க்கும். சில நேரங்களில் மல்லாந்து படுத்து வயிற்றைக் காட்டும். யாரேனும் அதன் மீது குனியும்போதும், உரத்த குரலில் பேசும்போதும் இது நிகழ்கிறது.

சில குட்டிகளிடம் இரண்டும் கலந்தே காணப்படும். எதுவாயினும் அடிப்படை ஒன்றுதான்: நாய் வேண்டுமென்றே செய்யவில்லை.

தண்டனை ஏன் எதிர்விளைவைத் தருகிறது?

சிறுநீர் சிந்திய இடத்தில் குட்டியின் மூக்கைத் தேய்ப்பது, செய்தித்தாளைச் சுருட்டி அடிப்பது போன்ற பழைய முறைகள் இன்றும் பல வீடுகளில் கைவிடப்படவில்லை. நாயின் பார்வையில் இவற்றின் பொருள் வேறு. தான் அறியாமலே நிகழ்ந்த ஒன்றுக்கும், அதன்பின் விழும் அடிக்கும் உள்ள தொடர்பை அதனால் உணர முடிவதில்லை. அது கற்றுக்கொள்வது ஒன்றே ஒன்றுதான்: இவர் வீட்டுக்குள் நுழையும் நேரம் ஆபத்தான நேரம்.

மறுநாள் அதே நபர் கதவைத் திறக்கும்போது, மகிழ்ச்சியுடன் அச்சமும் சேர்ந்துகொள்கிறது. அச்சம் கொண்ட நாய் பணிந்து சமாதானம் செய்ய முயல்கிறது. அதன் வெளிப்பாடாக மீண்டும் சிறுநீர் கழிக்கிறது. அதைக் கண்டு உரிமையாளரின் கோபம் பெருகுகிறது. கோபம் பெருகப் பெருக நாயின் அச்சமும் பெருகுகிறது. சில மாதங்களில் தானாக மறைந்திருக்க வேண்டிய ஒன்று இவ்வாறு நிலைபெற்றுவிடுகிறது. கடிந்துகொள்ளும் குரலும், முறைத்த பார்வையும்கூட இதே விளைவைத் தரலாம்.

வாசலில் கடைப்பிடிக்க வேண்டியவை

தீர்வின் மையம், வீட்டுக்குள் நுழையும் முதல் சில நிமிடங்களில் உள்ளது. உற்சாகத்தின் உயரத்தைக் குறைத்தால் கசிவும் குறையும்.

* வீட்டுக்குள் நுழைந்ததும் குட்டியைக் கொஞ்சுதல், பெயர் சொல்லி உரக்க அழைத்தல், தூக்குதல் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். பையை வைப்பது, காலணியைக் கழற்றுவது என வழக்கமான வேலைகளை அமைதியாகச் செய்யலாம்.

* குட்டி தணிந்து, நான்கு கால்களும் தரையில் பதிய நின்ற பிறகே அதனிடம் பேச வேண்டும். நேருக்கு நேராக நின்று குனியாமல், பக்கவாட்டில் திரும்பி முழங்காலிட்டு அமர்வது நல்லது. தலைக்கு மேலாகக் கையை நீட்டாமல், மார்பையோ தாடையின் கீழ்ப்பகுதியையோ மெதுவாகத் தடவலாம்.

* இயலுமானால், முதல் சந்திப்பை வீட்டுக்கு வெளியே வைத்துக்கொள்ளலாம். கதவைத் திறந்ததும் பேச்சின்றிக் கழுத்துப்பட்டையில் கயிற்றை மாட்டி, வழக்கமாகச் சிறுநீர் கழிக்கும் இடத்துக்கு நேராக அழைத்துச் செல்ல வேண்டும். அங்கு கழித்து முடித்ததும் பாராட்டலாம். சிறு தின்பண்டம் தரலாம்.

* உள்ளே நுழைந்தவுடன் சில தின்பண்டத் துண்டுகளைத் தரையில் பரப்பிப் போடுவதும் பயன் தரும். முகர்ந்து தேடுவதில் குட்டியின் கவனம் திரும்புவதால் பரபரப்பு தணிகிறது.

* அழைப்பு மணியே உற்சாகத்தைத் தூண்டுவதாக இருந்தால், யாரும் வராத நேரத்திலும் அவ்வப்போது மணியை ஒலிக்கச் செய்து, குட்டி அமைதியாக இருந்தால் பரிசளிக்கலாம். மணியோசை நாளடைவில் ஒரு சாதாரண ஒலியாகிவிடும்.

* விளையாட்டு நேரத்தைச் சிறு பகுதிகளாகப் பிரித்து, இடையிடையே வெளியே அழைத்துச் செல்ல வேண்டும்.

வீட்டில் உள்ள அனைவரும் இதையே பின்பற்றினால்தான் பலன் கிடைக்கும். ஒருவர் அமைதியாக நுழைந்து, மற்றொருவர் ஆரவாரத்துடன் வாரி அணைத்தால் குட்டிக்குக் குழப்பமே மிஞ்சும். குழந்தைகளுக்கு இதை ஒரு விளையாட்டு விதிபோல விளக்குவது எளிது.

விருந்தினர் வரும் நாள்களில்

தீபாவளி, திருமணம் போன்ற நிகழ்வுகளின்போது வீட்டில் ஒரே நேரத்தில் பலர் கூடுகின்றனர். விருந்தினர் வருவதற்குச் சற்று முன்பாகவே குட்டியை வெளியே அழைத்துச் சென்று சிறுநீர் கழிக்கச் செய்ய வேண்டும். அனைவரும் உள்ளே வந்து அமர்ந்து, பேச்சொலி தணிந்த பிறகு, கயிற்றுடன் குட்டியை அறைக்குள் அழைத்து வரலாம். 'முதல் ஐந்து நிமிடம் நாயைக் கவனிக்காதீர்கள்' என்று விருந்தினரிடம் முன்கூட்டியே கூறிவிடுவது நல்லது. அன்பைக் காட்டுவதற்காக அவர்கள் உடனே குனிந்து தடவுவதுதான் பெரும்பாலும் சிக்கலைத் தொடங்கிவைக்கிறது.

பூஜை அறை, சமையலறை போன்றவற்றின் தூய்மை குறித்துக் கவலைப்படும் மூத்தோர் உள்ள வீடுகளில், அந்தப் பகுதிகளுக்குத் தடுப்பு அமைக்கலாம். டயபர்களையும், ஆண் நாய்களுக்கான இடுப்புப் பட்டைகளையும் சில மணி நேரத்துக்குப் பயன்படுத்தலாம். எனினும் இவை தரையைக் காக்குமே தவிர, பழக்கத்தை மாற்றா. ஈரமான டயபரை நீண்டநேரம் விட்டுவைத்தால் தோலில் புண் ஏற்படும்.

தண்ணீரைக் குறைக்கலாமா?

கூடாது. தண்ணீரைக் கட்டுப்படுத்தினால் கசிவு நிற்கும் என்ற எண்ணம் தவறானது. கோடைக் காலத்தில் அது குட்டியின் உயிருக்கே ஆபத்தாக முடியலாம். நாய்களின் உடலில் வியர்வை மிகக் குறைவாகவே சுரப்பதால், அவை முக்கியமாக மூச்சிரைப்பதன் மூலமே வெப்பத்தைத் தணித்துக்கொள்கின்றன. அதற்கு உடலில் போதிய நீர் இருக்க வேண்டும்.

தண்ணீரைக் குறைப்பதற்கு மாறாக, வெளியே அழைத்துச் செல்லும் முறைகளை அதிகரிக்க வேண்டும். குட்டியின் வயது எத்தனை மாதமோ, அதனுடன் ஒன்றைக் கூட்டினால் வரும் மணி நேரமே அதனால் அடக்கிவைக்கக்கூடிய அதிகபட்ச நேரம் என்பது பொதுவான கணக்கு. அதன்படி மூன்று மாதக் குட்டிக்கு நான்கு மணி நேரமே எல்லை. விழித்திருந்து விளையாடும்போது அதற்கும் குறைவான இடைவெளி தேவை.

மருத்துவரை எப்போது அணுக வேண்டும்?

கசிவு அனைத்தும் உற்சாகத்தால் ஏற்படுவதல்ல. உறக்கத்தில் படுக்கை நனைதல், நாள் முழுவதும் துளித்துளியாகச் சொட்டுதல், அடிக்கடி முக்கிச் சிறிதளவே கழித்தல், சிறுநீரில் இரத்தம், கடும் நாற்றம், மிகுதியான தாகம் ஆகியவற்றில் எது காணப்பட்டாலும் கால்நடை மருத்துவரை அணுக வேண்டும். இவை சிறுநீர்ப் பாதைத் தொற்று, சிறுநீர்ப்பைக் கல், நீரிழிவு போன்றவற்றின் அறிகுறிகளாக இருக்கலாம்.

பிறந்தது முதலே இடைவிடாது சொட்டும் பெண் குட்டிகளுக்கு, சிறுநீரகத்திலிருந்து வரும் குழாய் சிறுநீர்ப்பையில் உரிய இடத்தில் இணையாமல் வேறிடத்தில் திறக்கும் பிறவிக் குறைபாடு இருக்கக்கூடும். இந்தியாவில் பரவலாக வளர்க்கப்படும் லாப்ரடார், கோல்டன் ரெட்ரீவர் இனங்களிலும் இக்குறைபாடு காணப்படுகிறது. இதை அறுவை சிகிச்சை மூலம் சரிசெய்ய வாய்ப்புண்டு. கருத்தடை செய்யப்பட்ட பெண் நாய்களில் சிலவற்றுக்குச் சுருக்குத்தசை பின்னர் தளர்வதும் உண்டு. அதற்கு மருந்துகள் உள்ளன.

எந்த நேரத்தில், யாரைக் கண்டு, எவ்வளவு கசிந்தது என்று ஒரு வாரம் குறித்து வைத்தால், காரணத்தைக் கண்டறிய மருத்துவருக்கு அது பேருதவியாக இருக்கும். கைப்பேசியில் பதிவுசெய்த ஒரு சிறு காணொளியும் பயன்படும்.

தரையைத் தூய்மை செய்யும் முறை

முதலில் துணி அல்லது காகிதத்தால் ஈரத்தை ஒற்றி எடுக்க வேண்டும். பினாயில் போன்றவற்றின் மணம் சிறுநீர் வாடையை மனித மூக்குக்கு மறைக்கலாம். நாயின் மூக்குக்கு மறைக்காது. மேலும், பினாயில் காயாத தரையை நாய் நக்கினால் தீங்கு நேரலாம். அம்மோனியா கலந்த திரவங்களின் வாடை சிறுநீர் வாடையை ஒத்திருப்பதால் அவற்றையும் தவிர்க்க வேண்டும். சிறுநீரில் உள்ள பொருள்களைச் சிதைக்கும் நொதிகள் கலந்த தூய்மைத் திரவங்களே பொருத்தமானவை.

எலிக்காய்ச்சல் எனப்படும் லெப்டோஸ்பைரோசிஸ், பாதிக்கப்பட்ட விலங்கின் சிறுநீர் வழியாக மனிதருக்குப் பரவக்கூடியது. எனவே கையுறை அணிந்து தூய்மை செய்வதும், நாய்க்கு அந்நோய்க்கான தடுப்பூசி குறித்து மருத்துவரிடம் கேட்டறிவதும் நலம். தூய்மைப் பணியைக் குட்டியின் கண்முன்னே முணுமுணுத்தபடி செய்யாமல், அமைதியாக முடிக்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம், 1960-இன் 11-ஆவது பிரிவின்படி, விலங்கைத் தேவையற்ற வலிக்கு உள்ளாக்கும் வகையில் அடிப்பதும், மிகக் குட்டையான அல்லது கனமான சங்கிலியால் நியாயமற்ற நேரம் கட்டிவைப்பதும், பசியாலும் தாகத்தாலும் வருந்தும் நிலையில் நியாயமான காரணமின்றிக் கைவிடுவதும் குற்றங்கள். முதல் முறை குற்றத்துக்கான அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை மட்டுமே என்பதால், இச்சட்டம் அச்சுறுத்துவதாக இல்லை. எனினும், உயிர்களிடத்தில் பரிவு காட்டுவது ஒவ்வொரு குடிமகனின் கடமை என்று அரசமைப்புச் சட்டத்தின் 51ஏ(ஜி) கூறு எடுத்துரைக்கிறது.

குட்டியை வாங்குவோர் கவனிக்க வேண்டிய விதியும் ஒன்று உண்டு. நாய் இனப்பெருக்கம் மற்றும் விற்பனை தொடர்பாக 2017-ஆம் ஆண்டு வெளியிடப்பட்ட விதிகளின்படி, எட்டு வாரத்துக்கு உட்பட்ட குட்டிகளை விற்கக் கூடாது.

எவ்வளவு காலம் ஆகும்?

பெரும்பாலான நாய்களிடம் ஒரு வயதை எட்டும் காலத்தில் தசைக் கட்டுப்பாடு உறுதிப்பட்டு, இந்நிலை மறைகிறது. முன்னேற்றம் சீராக இருக்க வேண்டும் என்பதில்லை. இரண்டு வாரம் உலர்ந்திருந்த தரை, நீண்டநாள் காணாத உறவினர் ஒருவர் வந்ததும் மீண்டும் நனையலாம். அதைத் தோல்வியாகக் கருதத் தேவையில்லை; வாசலில் கடைப்பிடித்த அமைதியைத் தொடர்ந்தால் போதும். ஒரு வயதைக் கடந்த பின்னும் கசிவு தொடர்ந்தால் மருத்துவப் பரிசோதனை அவசியம். உடலில் குறை ஏதும் இல்லை எனில், நாய்களின் நடத்தையில் பயிற்சி பெற்ற மருத்துவரின் ஆலோசனையை நாடலாம்.