கொழும்பிலே ஒரு பகற்பொழுது

பல நாள் நீரையும் வானையும் மாத்திரமே கண்டு சலித்த பயணிக்குக் கரையைக் காண்பதே பேரின்பம். கப்பல் நங்கூரமிட்டதும் அவன் துறைக்கு விரைகின்றான். குறித்த வேளைக்குள் திரும்பிவிடவும் வேண்டும். அந்தச் சில மணி நேரத்திலே ஓர் ஊரை அறிந்துகொள்ளுதல் கூடுமோ?

இவ்வினா நம் கொழும்பு நகருக்கு மிகவும் உரியது. 1869இல் சுயஸ் கால்வாய் திறக்கப்பட்டது. 1875இல் வேல்ஸ் இளவரசர் இங்கே அலைதடுப்புச் சுவருக்கு அடிக்கல் நாட்டினார். அது எழுந்தபின், காலித் துறைமுகத்தின் சிறப்பெல்லாம் கொழும்புக்கு வந்து சேர்ந்தது. ஐரோப்பாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் இடையே ஓடிய கப்பல்கள் இங்கே தங்கி நிலக்கரி ஏற்றின. கரித்தூளுக்கு அஞ்சிய பயணிகள் கரையிறங்கினர். கோட்டையில் இரத்தினக் கடைகளைப் பார்ப்பர், காலிமுகத்திடலில் உலாவுவர், கடலோரமாகக் கல்கிசைக்கு வந்து, ஒரு காலத்தில் தேசாதிபதியின் மாளிகையாயிருந்த ஹோட்டலில் உணவருந்தித் திரும்புவர். இலங்கையைக் கண்டாயிற்று!

அவ்வாறு வந்தவர்களுள் ஒருவர் அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வெயின். கடன் தீர்ப்பதற்காக உலகெங்கும் சொற்பொழிவாற்றிச் சென்ற அவர், 1896ஆம் ஆண்டு ஜனவரியில் கொழும்பில் இறங்கினார். நம் மக்களின் உடைகளிலே மிளிர்ந்த வண்ணங்கள் அவர் உள்ளத்தைக் கொள்ளை கொண்டன. அவ்வேளையில், மிஷன் பாடசாலையொன்றின் சிறுமியர் ஐரோப்பிய உடை தரித்து வரிசையாக வந்தனர். அக்காட்சி அவர் கண்ணை உறுத்தியது. உடனே தம் உடையைக் குனிந்து பார்த்தார். தமக்கே வெட்கமாயிருந்தது என்று 1897இல் வெளிவந்த பயண நூலில் எழுதினார்.

அவர் கண்டது மெய்யே. ஆயினும் அச்சிறுமியர் அப்பாடசாலையிலே பெற்ற எழுத்தறிவை வீதியில் நின்றவர் காணுதல் எங்ஙனம்? உடையைப் பேணினால் கல்வி கிட்டாது. கல்வியை நாடினால் தம் மரபு நழுவும். அக்காலப் பெற்றோர் பலரின் இடர் இதுவே.

அவ்விடருக்கு விடை தேடியோரும் இந்நகரிலேயே இருந்தனர். கொழும்பிலே பிறந்த ஆனந்த குமாரசுவாமி 1905இல் சமூகச் சீர்திருத்தச் சங்கத்தைத் தோற்றுவித்து, ஐரோப்பிய வழக்கங்களை ஆராயாது பின்பற்றுவதைக் கண்டித்தார். சர் பொன்னம்பலம் இராமநாதன், தந்தையார் அமைத்த கொச்சிக்கடைச் சிவன் கோயிலைக் கருங்கல்லால் புதுக்கினார். 1913இல் யாழ்ப்பாணத்து மருதனார்மடத்திலே சைவப் பெண்களுக்கென ஒரு கல்லூரியும் நிறுவினார். கல்வியும் மரபும் ஒருங்கே வளரலாம் என்பதற்கு அக்கல்லூரி சான்றாயிற்று. பயணி ஒரு கணத்திலே கண்ட முரண்பாட்டைத் தீர்க்க, நம் முன்னோர்க்குப் பல்லாண்டுகள் வேண்டியிருந்தன.

ஆகவே, ஒரு பகலிலே ஊரை அறிதல் கூடாது. எனினும் அப்பகல் வீணன்று. பிறரைக் கண்ட கண்ணைத் தம்மீதும் திருப்பினாரே ட்வெயின், அதுவே பயணத்தின் பயன்.

உல்லாசக் கப்பல்கள் இன்றும் கொழும்புக்கு வருகின்றன. நம் பிள்ளைகளோ விமானமேறி அயல்நாடு செல்கின்றனர். கண்ட காட்சியைப் படம் பிடித்து அனுப்புதல் எளிது. அங்குள்ளார் ஏன் அவ்வாறு வாழ்கின்றனர் என்று ஒருவரிடமேனும் வினவி வருதல் நன்று. நம் ஊருக்கு வரும் விருந்தினரையும் கடற்கரையோடு அனுப்பிவிடாது, துறைமுகத்துக்கு அண்மையிலுள்ள அக்கற்கோயிலுக்கும் அழைத்துச் செல்வோமாக.