வெண்மணல் எங்கிருந்து வந்தது?

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., விலங்கியல்

அந்தமான் என்றதும் நம்மில் பலருக்குச் சிறைச்சாலைதான் நினைவுக்கு வரும். சென்ற கோடை விடுமுறையில் அங்கே ஹேவ்லாக் தீவுக்குச் சென்ற எனக்கோ, கடற்கரை மணலே பெரும் வியப்பாயிற்று. தீவில் விடுதி கட்டும் வேலையில் இருக்கும் என் தாய்மாமன்தான் என்னை அழைத்திருந்தார்.

2024-இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாறிய போர்ட் பிளேரிலிருந்து அரசுக் கப்பலில் சுமார் இரண்டரை மணி நேரப் பயணம். தீவின் பெயரும் 2018-இல் சுவராஜ் தீவு என மாற்றப்பட்டது. அதன் மேற்குக் கரையில் ராதாநகர்க் கடற்கரை உள்ளது. வானளாவிய மரங்கள் மணலின் விளிம்புவரை வந்து நிற்கின்றன. அவற்றின் நிழலில் அமர்ந்தே கடலைக் காணலாம். மணலோ மாவைப் போல் மென்மையானது, வெண்மையானது.

நம் ஊர் ஆற்று மணல் பெரும்பாலும் பாறை தேய்ந்து உண்டான குவார்ட்சுத் துகள். பவளத் தீவுகளின் வெண்மணலோ உயிர்கள் தந்த சுண்ணாம்பு! நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு துளி விட்டால் நுரைத்துக் கரியமில வாயு வெளிப்படும். குவார்ட்சில் இவ்வாறு நிகழாது.

கடலடியில் வாழும் சின்னஞ்சிறு பவள உயிரிகள் சுண்ணாம்புக் கூடு கட்டுகின்றன. அவற்றின் உடலுக்குள் குடியிருக்கும் பாசி, சூரிய ஒளியில் உணவு தயாரித்து அவற்றிற்கு ஊட்டுகிறது. பவளப் பாறையில் படர்ந்த பாசியை மேய வரும் கிளிமீன், சுண்ணாம்பையும் சேர்த்துக் கடித்து, அரைத்து, மணலாகக் கழிக்கிறது. பெரிய கிளிமீன் ஒன்று ஓராண்டில் நூற்றுக்கணக்கான கிலோ மணலைத் தரவல்லது. அலைகளில் நொறுங்கும் பவளமும் சிப்பியும் இதனுடன் சேர்கின்றன.

இதில் காட்டுக்கு என்ன பங்கு? மழை மிகுந்த அத்தீவில் மரவேர்களே மண்ணைப் பிடித்து வைத்திருக்கின்றன. காட்டை அழித்தால் சேறு கடலில் கலந்து ஒளியை மறைக்கும், பவளத்தை மூடும். கடல்நீர் வழக்கத்தைவிட ஓரிரு டிகிரி கூடுதலாகச் சில வாரங்கள் சூடேறினாலும் பவளம் தன் பாசியை இழந்து வெளுத்துவிடும். 2010-இல் அந்தமான் பவளப் பாறைகள் பெருமளவில் இவ்வாறு வெளுத்தன.

ஆகவே சுற்றுலாவே வேண்டாம் என்று நான் கூறவில்லை; கூறவும் இயலாது. விடுதி கட்டும் வேலைதான் என் மாமன் வீட்டில் உலையேற்றுகிறது. ஆனால் காடும் பவளமும் அழிந்தபின் அவ்விடுதிக்கு யார் வருவார்?

தங்கச்சிக்கென்று ஒரு சங்கைக் கையில் எடுத்தேன். உள்ளிருந்து கால்கள் நீண்டன, துறவி நண்டு! அதற்கென்று சொந்த ஓடு கிடையாது. பிற உயிர் விட்டுச்சென்ற ஓடே அதன் வீடு. வெற்றுச் சங்கு என்று நாம் பொறுக்கி வருவது, நாளை ஒரு நண்டு குடிபுக வேண்டிய இல்லம் அன்றோ! அங்கேயே வைத்துவிட்டேன்.

நண்பர்களே, தீவுகளுக்குச் செல்லுங்கள், கண்குளிரக் காணுங்கள். பவளத்தை மிதிக்காதீர்கள், சிப்பியையும் சங்கையும் அள்ளி வராதீர்கள். பல உயிர்கள் நெடுங்காலம் உழைத்துச் சேர்த்த செல்வம் அது. ஒரு விடுமுறைக்குள் செலவழித்துவிடலாகாது.